தேவகுமாரின் சொந்தக் கையெழுத்து

கைப்பிரதிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஆள் வந்து உட்கார்ந்திருக்கும்போதே பூங்கனிக்கு எரிச்சலில் உள்ளே காந்தியது. விழாக் குழுவின் செயலாளர் குமாரதாஸ், வெள்ளைச் சட்டை, கையில் குடை. அடுத்த வாரம், ஐம்பத்தாறு நவம்பர் ஒன்றாம் தேதி, திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்கின்றன. அதைக் கொண்டாட நாகர்கோவிலில் ஒரு கண்காட்சி. 'எல்லைக் கதிர்' வாரப் பத்திரிகையில் எட்டு வருடம் எழுதிய நிருபர் தேவகுமாரின் கைப்பிரதிகள் அதில் இருக்க வேண்டுமாம். காட்சி முடிந்ததும் நூலகத்துக்குப் போய்விடுமாம், அவர் பெயரிலேயே.

அவர் பெயரில்! எழுதினவள் இங்கே காப்பி ஆற்றிக்கொண்டு நிற்கிறாள்.

நடந்தது இதுதான். அவள் கணவர் தேவகுமார் களியக்காவிளைப் பக்கத்துக்காரர். வீட்டில் பேசியது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது முழுக்க மலையாளம். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார், நாலு வார்த்தைக்கு மேல் எழுத வராது. அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் அப்படி. கூட்டம், மறியல், தடியடி என்று ஊர் ஊராகப் போய் நோட்டில் மலையாள எழுத்தில் நாலு வரி கிறுக்கிக்கொண்டு வருவார். மிஷன் பள்ளியில் தமிழ் படித்த பூங்கனி அவரை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு அதைக் கட்டுரையாக எழுதுவாள். தமிழ் ஆட்களுக்காகத் தொண்டை கிழியக் கத்திய பத்திரிகையின் நிருபருக்குத் தமிழ் எழுத வராது என்பது வெளியே தெரியக்கூடாது. அவளும் வாயைத் திறக்கவில்லை.

போராட்டக்காரர்களைப் போலீஸ் சுட்ட ஐம்பத்துநாலாம் வருடம் அவர் கொண்டுவந்த செய்தியும் போதவில்லை. செத்தவர்களின் வீட்டில் ஆண்கள் இவரிடம் முற்றத்தில் பேசினார்கள். பெண்கள் உள்ளே இருந்தார்கள். பூங்கனியே தக்கலைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து நடந்துபோய், அடுக்களையில் அவர்களோடு உட்கார்ந்தாள். புருசனுக்கு மூடி வைத்த சோற்றை மறுநாளும் எடுக்காமல் வைத்திருந்தாள் ஒருத்தி. அது பத்திரிகையில் வந்தபோது ஊரே அழுதது. "தேவகுமாருக்க எழுத்து நெஞ்சப் பிடிச்சு உலுக்குதுல்லா" என்றார்கள். கட்டுரைக்குக் கீழே தன் பெயரையும் போடலாமா என்று அன்றைக்குத்தான் அவள் முதல்முறை கேட்டாள். "பேருல என்னட்டி கெடக்கு" என்றார் தேவகுமார். பெயர் உள்ளவர் சொல்லலாம்.

தேவகுமார் பெட்டியைத் திறந்து கொடுத்தார். குமாரதாஸ் அதற்குள் கையை விட்டு ஒரு நோட்டை எடுத்தார். முகம் சுருங்கியது.

"அண்ணாச்சி, இது மலையாளமில்லா? யாரும் பாத்தா நாறிப்போவும். இத அடுப்புல போட்டிருங்க." பிறகு தாள்களைப் புரட்டினார். "இது அம்சமா இருக்கு. ஆனா பொம்பள கையெழுத்து மாதிரி தெரியுதே."

பூங்கனி கணவரைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லிவிடு மனுசா.

தேவகுமார் தரையைப் பார்த்தார். "நான் எழுதினதுதான். அவ பாத்து நல்லபடியா பகர்த்தி எழுதினா, அவ்வளவுதான்."

பகர்த்தி எழுதினாளாம், நகல் எடுத்தாளாம். எட்டு வருடமும் ஒரே சொல்லில் போயிற்று.

"அப்ப சரி மயினி" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் குமாரதாஸ் பையிலிருந்து ஒரு வழவழப்பான தாளை எடுத்தார். "வாசல்ல சட்டம் போட்டு மாட்டணும். அண்ணாச்சி உங்க சொந்தக் கையால ரெண்டு வரி எழுதித் தாருங்க."

தேவகுமார் பேனாவை வாங்கினார். மூடியைத் திருகினார், திரும்பவும் மூடினார். வாரா வாரம் பார்ப்பதுபோலப் பூங்கனியைப் பார்த்தார்.

"எழுதுங்க" என்றாள் அவள், அவர் எதிரில் உட்கார்ந்து. "நான் சொல்லுதேன்."

அவர் தாளின்மேல் குனிந்தார்.

"இந்தப் பெட்டியில் உள்ள கட்டுரைகளை எழுதியவள் என் மனைவி பூங்கனி."

பேனா அசையவில்லை.

"மயினி, என்ன வெளையாட்டு இது" என்றார் குமாரதாஸ்.

"சொந்தக் கையெழுத்துதான கேட்டிய? சும்மா இரிங்க. எழுதுங்கன்னேன்."

தேவகுமார் எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல, ஒன்று ஏறி ஒன்று இறங்கி. கால்மணி நேரம் ஆயிற்று. நெற்றி வியர்த்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது. அவள் இரக்கப்படவில்லை. கடைசி எழுத்தும் முடிந்த பிறகு அடுத்த வரியைச் சொன்னாள்: "நான் செய்தி கொண்டுவந்தேன்." அதையும் எழுதினார்.

குமாரதாஸ் அந்தத் தாளையும் பெட்டியிலிருந்த தாள்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பூங்கனி நோட்டுகளையும் தாள்களையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். ஈரம் காயாத அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துக் குமாரதாஸிடம் நீட்டினாள்.

"அவிய எழுதினது இது ஒண்ணுதான். கொண்டு போங்க."