மண்ணீரலுக்கு என்ன சோலி?

முதல் முறை நீட் எழுதி வந்த மதிப்பெண்ணை அப்பாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அப்பா, எங்கள் ஊரான அடுக்கத்துக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே ஜீப் ஓட்டுகிறவர். மூன்றாம் நாள் காலையில் அவர் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, டாக்டர் சீட்டு கெடைக்காதுப்பா. மார்க்கு ரொம்பக் கம்மி."

டயர் இடுக்கில் மாட்டியிருந்த கல்லை நெம்பிக்கொண்டே கேட்டார். "அடுத்த வருசமும் பரிச்ச வைப்பாங்கள்ல?"

"வைப்பாங்க."

"பெறகென்ன?"

கல் தெறித்து விழுந்தது. அடுத்த டயருக்குப் போய்விட்டார். இரண்டு நாளாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் மாற்றுச் சான்றிதழ் வாங்க என் பழைய பள்ளிக்குப் போனபோது, அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மலையில் உள்ள அரசுப் பள்ளிகளில் படித்து, மருத்துவத்துக்கு முயன்று தவறியவர்களுக்காகக் கொடைக்கானலில் ஒரு மிஷன் ஓராண்டு ஃபவுண்டேஷன் கோர்ஸ் தொடங்குகிறது, கட்டணம் இல்லை, விருப்பமுள்ளவர்கள், ஏன் டாக்டராக வேண்டும் என்று ஒரு பக்கம் கைப்பட எழுதித் தர வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். "ஃபவுண்டேசனா? அஸ்திவாரம் போட்டுத்தான் அனுப்புவாங்க போல. நல்லதுதான," என்றார்.

அந்த ஒரு பக்கம்தான் பெரும்பாடாக இருந்தது. ஏழைகளுக்குச் சேவை செய்வேன் என்று முதலில் எழுதினேன். அது பொய்யில்லை, ஆனால் பள்ளிக் கட்டுரை மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு உண்மையை எழுதினேன். அம்மா கோழி அறுக்கும்போதெல்லாம் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்ப்பேன், உள்ளே எல்லாம் எப்படி இவ்வளவு அழகாக மடித்து வைத்திருக்கிறது என்று ஆச்சரியமாக இருக்கும், மனிதனுக்குள்ளும் பார்க்க ஆசை என்று எழுதினேன். கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. கசாப்புக் கடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்து எழுதிவிட்டாளோ என்று யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

நேர்காணலில் உயிரியல் மிஸ் நிஜமாகவே சிரித்தார். என்னைவிடப் பத்து வயதுகூட மூத்திருக்க மாட்டார். "கோழிக்குள்ள என்ன பார்த்தீங்க, சொல்லுங்க," என்றார்.

"கல்லுக்குடலுக்குள்ள சின்னச் சின்னக் கல்லு கெடக்கும் மிஸ்."

"எதுக்கு?"

"அதுக்குப் பல்லு இல்லல்ல. கல்ல வெச்சு அரைக்குது."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா நெனச்சது."

அவர் பக்கத்தில் இருந்த இயற்பியல் சாரைப் பார்த்தார். சார் என் பெயருக்கு நேராக டிக் போட்டார். திரும்பிப் போகிற வழியில் ஏரிக்கரையில் ஒரு மக்காச்சோளம் வாங்கித் தின்றேன். அன்றைக்கு மிஸ்ட் இறங்கி ஏரியே தெரியவில்லை. எனக்கு அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

வகுப்பு, தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய ஹாலில் நடந்தது. நாங்கள் பதினான்கு பேர். எட்டரை மணிக்குள் இருக்க வேண்டுமென்றால் வெள்ளனே கிளம்பும் அப்பாவின் முதல் டிரிப்பில் ஏறியாக வேண்டும். ஒரு மணி நேரப் பயணம், முழுக்க வளைவு. அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது என்று முதல் நாளே புத்தகத்தைத் திறந்தேன். நான்காவது வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தேன்.

எனக்குப் பின்னால் பட்டர் ஃப்ரூட் கூடையுடன் உட்கார்ந்திருந்த அத்தை, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார். சொந்த அத்தை இல்லை. எங்கள் தெருவில் எல்லாருக்கும் அவர் அத்தைதான். தினமும் கொடைக்கானல் மார்க்கெட்டுக்குப் பழம் கொண்டுபோய் விற்கிறவர்.

"வளைவுல குனிஞ்சு படிச்சா கொமட்டத்தான் செய்யும். பொஸ்தகத்த இங்க குடு புள்ள," என்றார். "நாங் கேக்குறேன், நீ கண்ண மூடிக்கிட்டுச் சொல்லு."

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா அத்தை?"

"எட்டாப்பு வரைக்கும் போயிருக்கேன்டி. தமிழ்லதான எழுதியிருக்கு?"

ஆமாம், தமிழில்தான். நான் தமிழ் வழியில் படித்தவள். தேர்வையும் தமிழில்தான் எழுதப்போகிறேன். அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டிருந்த எனக்கு, அன்று முதல்முறையாக அது ஒரு வசதியாகத் தெரிந்தது.

அப்படித்தான் தொடங்கியது. அத்தை புத்தகத்தைத் தூரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு கேட்பார். "மண்ணீரலுக்கு என்ன சோலி?"

"வயசான சிவப்பணுவ எல்லாம் அழிக்கும்."

அத்தை வரியில் விரலை ஓட்டினார். "ஆமா. சிவப்பணுக்களோட இடுகாடுன்னு போட்டுருக்கு. அடியாத்தி, ஒடம்புக்குள்ளயே சுடுகாடு வெச்சிருக்கோமா!"

ஜீப்பே சிரித்தது. மறுநாள் வேறு யாரோ, "கணையத்துக்கு என்ன சோலின்னு கேளு," என்றார்கள். ஒரு மாதத்தில் முதல் டிரிப்பில் வருகிறவர்களுக்கெல்லாம் அது பழக்கமாகிவிட்டது. நான் ஒரு விடையில் திணறினால் அப்பா கியரை மாற்றிக்கொண்டே முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பார். பாடத்தை அவர் எப்போது மனப்பாடம் செய்தார் என்று எனக்குத் தெரியாது.

ஒரு ஹோட்டலில் தோட்ட வேலை பார்க்கும் மாமா ஒருவரும் தினமும் வருவார். விலங்குப் பாடத்தில் வாய் திறக்க மாட்டார். தாவரவியல் வந்த அன்று மட்டும் சண்டைக்கு வந்துவிட்டார். காகிதப்பூவில் கலராக இருப்பது இதழ் இல்லை, பூவடிச் செதில், அதாவது ஒருவகை இலை என்று நான் சொன்னேன்.

"ஏ தாயி, நான் முப்பது வருசமா பூச்செடிக்குத் தண்ணி ஊத்துறேன். பூவு எது எல எதுன்னு எனக்குத் தெரியாதா? பொஸ்தகத்துல தப்பா அச்சடிச்சுட்டானுக."

"இல்ல மாமா, உள்ள நடுவுல சின்னதா வெள்ளையா இருக்கும் பாருங்க. அதுதான் பூவு."

மறுநாள் அவர் ஒரு காகிதப்பூக் கொத்தோடு வந்தார். ஜீப்பில் ஏறுவதற்கு முன்பே கையை உயர்த்திக் காட்டினார். "நெசந்தான்! உள்ள ஒளிஞ்சு கெடக்குது களவாணி!" அடுக்கத்திலிருந்து கொடைக்கானல் வரைக்கும் அந்தக் கொத்து ஒவ்வொருவர் கையாகச் சுற்றி வந்தது.

அந்த ஆண்டு முழுக்க இப்படியே சுகமாகப் போயிற்று என்று சொல்ல மாட்டேன். இயற்பியல் என்னை அழவைத்தது. ஹாலில் குளிர் தாங்காமல் மழைக்காலத்தில் காலுறைக்கு மேல் காலுறை போட்டு உட்கார்ந்தோம். சாலையே இல்லாத வெள்ளகவி கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண், ஊருக்கும் கொடைக்கானலுக்கும் நடையாகவே ஏறி இறங்க முடியாமல் டவுனில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தாள். கணக்கில் அவள் கெட்டிக்காரி. எனக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்தாள், நான் அவளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டோம். ஒவ்வொரு மாதத் தேர்விலும் எங்கள் மதிப்பெண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஏறுவதை மிஸ் ஒரு சார்ட்டில் பச்சைப் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். அதைப் பார்க்கவே இருவரும் சீக்கிரம் வருவோம்.

பிறகு விண்ணப்பம் போடும் நாள் வந்தது. ஒரு வாரமாக மழை, டவுனில் நெட் இல்லை. கடைசித் தேதி அன்று காலையில்தான் கோர்ஸ் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது. எல்லாவற்றையும் நிரப்பியாயிற்று. காது இரண்டும் தெரிகிற மாதிரி எடுத்த, எனக்கே அடையாளம் தெரியாத ஃபோட்டோவும் ஏறிவிட்டது. கடைசியாக ஓ.டி.பி. வர வேண்டும். அது அப்பாவின் ஃபோனுக்குத்தான் வரும். எனக்கென்று நம்பர் கிடையாது.

அப்பா அப்போது திரும்பும் டிரிப்பில் வழியில் இருந்தார். அந்தப் பாதையில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு வளைவில்தான். பதினொரு மணிக்கு அங்கே வண்டியை நிறுத்தி வையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். நிறுத்தியிருந்தார். வண்டி நிறைய ஆட்களும் இருந்தார்கள்; மழையில் வியாபாரமும் தோட்ட வேலையும் இல்லாமல் அத்தையும் மாமாவும்கூட ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

மிஸ்ஸின் ஃபோனிலிருந்து கூப்பிட்டேன். "அப்பா, இப்ப ஒரு மெசேஜ் வரும். அதுல உள்ள நம்பரச் சொல்லுங்க."

"வந்துருச்சு, டிங்குன்னு சத்தம் கேட்டுச்சு," என்றார். பார்க்கிறேன் என்று எதையோ அழுத்தினார். அழைப்பு அறுந்துபோனது. மறுபடி அவரைப் பிடிப்பதற்குள் அந்த எண் காலாவதியாகிவிட்டது.

இரண்டாவது முறை சரியாக ஆறு எண்களை நிதானமாகப் படித்தார். தப்பு என்றது கம்ப்யூட்டர். அவர் படித்தது ரீசார்ஜ் கம்பெனிக்காரன் அனுப்பிய விளம்பரத்தில் இருந்த எண்.

மூன்றாவது முறைக்கு மிஸ் பட்டனை அழுத்தினார். இந்த முறை ஃபோன் அத்தையின் கைக்குப் போயிருந்தது. கூரைத் தார்ப்பாயில் மழை கொட்டும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் அத்தையின் குரல்.

"நாலு!"

"நாலு!" என்று ஜீப் முழுக்க எதிரொலித்தது.

"ஒண்ணு!"

"ஒண்ணு!"

ஊர்த் திருவிழாவில் ஏலம் விடுகிற மாதிரி ஆறு எண்களும் வந்து சேர்ந்தன. மிஸ் ஒவ்வொன்றாகத் தட்டினார். திரையில் பச்சை டிக் விழுந்தது. "ஏறிருச்சுப்பா!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. மாமாவாகத்தான் இருக்க வேண்டும்.

தேர்வு மே மாதம், கீழே சமவெளியில். மலையில் வளர்ந்தவளுக்கு அந்த வெயில் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனால் உயிரியல் பகுதியைத் திறந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. கண்ணை மூடினால்தான் எனக்கு விடை வரும். கண்ணை மூடினால் உடம்பு தானாக இடப்பக்கமும் வலப்பக்கமும் சாயும். கண்காணிப்பாளர் அம்மா அருகில் வந்து குனிந்தார்.

"என்னம்மா, மயக்கமா? தண்ணி வேணுமா?"

"இல்லைங்க மேடம், நல்லா இருக்கேன்," என்றேன். ஒன்பதாவது வளைவில் இருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ரிசல்ட் வந்த அன்று நான் யாரிடமும் எதையும் ஒத்திகை பார்க்கவில்லை. நேராக ஜீப் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அப்பா மதிப்பெண்ணைக் கேட்டு முடித்து, "இது போதுமா பாப்பா?" என்றார். "அரசுப் பள்ளி ஒதுக்கீட்டுல போதும்னு மிஸ் சொல்றாங்க," என்றேன். உடனே அவர் பக்கத்து ஜீப்காரரிடம் போய் ஏதோ சண்டை போடுகிறவர் மாதிரி உரக்கச் சொன்னார்: "ஏலே, எம் மக டாக்டராகப் போகுதுலே!" என்னோடு ஓடிவந்த வெள்ளகவிப் பெண்ணுக்கு என்னைவிட மூன்று மதிப்பெண் அதிகம். இருவரும் ஸ்டாண்டில் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்ததை ஒரு டூரிஸ்ட் குடும்பம் வீடியோ எடுத்தது.

கலந்தாய்வு சென்னையில். அப்பா பழக்க தோஷத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து, எழும்பூரில் இறங்கியதும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மலைக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரியில் ஒரே இடம் மிச்சமிருந்தது. எனக்கு முன்னால் மூன்று பேர். இரண்டாவதாகப் போன பையன் அதை எடுத்துக்கொண்டான். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு ஊர்ப் பெயரைக் காட்டினார்.

"இது கடல் இருக்குற ஊருதான?"

"ஆமாப்பா. தூரம்."

"தூரம்தான். ஆனா கடலு!" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. அதுவரை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அதையே எடுத்தேன்.

சேர்க்கை நாளன்று ஜீப்பில் அப்பா, அம்மா, நான் என்றுதான் திட்டம். கிளம்பும்போது பார்த்தால் பின்சீட்டில் அத்தையும் மாமாவும் குளித்து முழுகி உட்கார்ந்திருந்தார்கள். "நாங்களும் ஒரு வருசம் படிச்சிருக்கோம்ல," என்றார் அத்தை. அப்பா வண்டியைக் கிளப்பினார்.

விடிகிற நேரத்தில் அந்த ஊரை அடைந்தோம். கல்லூரிக்குப் போக இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அப்பா யாரையும் கேட்காமல் ஜீப்பை நேராகக் கடற்கரைக்கு விட்டார். முதலில் ஐந்து பேரும் தள்ளி நின்றுதான் பார்த்தோம். பிறகு அம்மா செருப்பைக் கழற்றினார். ஒரு அலை வந்து முழங்கால் வரை நனைத்ததும் அத்தை அலறிக்கொண்டு மாமாவின் சட்டையைப் பிடித்தார். இருவரும் ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்திருக்க முடியாத அளவுக்குச் சிரிப்பு. மாமா விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "நெசமாவே உப்பு," என்று எல்லாருக்கும் அறிவித்தார். நான் சான்றிதழ் ஃபைலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றேன்.

ஒன்பது மணிக்குக் கல்லூரி ஆபீஸில் எங்கள் ஐந்து பேரின் காலடியிலும் மணல் கொட்டியது. பெயர் பதிந்த எழுத்தர் மணலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு சிரித்துக்கொண்டே, "கையெழுத்துப் போடும்மா," என்று பேனாவை நீட்டினார். போட்டேன்.