பம்பரம் நிறுத்திய கணக்கு

ஆபீசில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். உட்கார்ந்த இடத்தில் பத்து நிமிஷம் இருக்கமாட்டார். வீட்டில் மகள் குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டி, "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்கிற ஆள்.

பார்க்கிற வேலையோ பொறுமை கேட்கிற வேலை. அணைச் சுவரில் விழுந்த விரிசல் எதுவரை ஓடும் என்று நானூறு கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஓடவிட்டுச் சொல்ல வேண்டும். சுவரை நானூறு சம துண்டாக்கி, கம்ப்யூட்டருக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார். விரிசல் சமமாகவா போகும்? அது போகிற பக்கம் நாலைந்துக்கு மூச்சு முட்டும், மற்றதெல்லாம் ஈ ஓட்டும். அதனால் சும்மா இருப்பது, வேலை இருப்பதிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று போன வாரம் எழுதிச் சேர்த்தார்.

இன்றைக்கு மெஷின் அவருக்கு நாலு மணி வரைதான். அதற்குள் பதில் வராவிட்டால், தண்ணீரைத் திறப்பதா வேண்டாமா என்று அணை என்ஜினியர் குருட்டாம்போக்கில் முடிவெடுக்க வேண்டும். மணி ஒன்றரை. கணக்கு நூற்றுக்கு நாற்பதில் நொண்டிக்கொண்டிருந்தது. பம்பரம் வராந்தாவை எட்டு தடவை அளந்துவிட்டார்.

மெஷின் அறையைப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்கு அலுத்துவிட்டது. "நீங்க நடந்தா அது ஓடுமா தம்பி? உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க."

பார்த்தார். வேலை இருந்த ஐந்தும் வேலையே பார்க்கவில்லை. மற்றதெல்லாம் "இருக்கா, இருக்கா" என்று பிய்த்தெடுக்க, பதில் சொல்லியே பொழுது போயிருந்தது.

"நிறுத்திட்டு மாத்தணும்க்கா."

"இதுவரைக்கும் ஓடினதைச் சேமிச்சிருக்கீங்களா?"

"அதை எழுத நேரமில்ல."

"நேரமில்லையா, பொறுமையில்லையா? நிறுத்தினா நாற்பதும் போச்சு."

"விட்டா நாலு மணிக்கு அறுபதுல நிக்கும். அதை வச்சு என்ஜினியர் என்ன, பாதி அணையைத் திறப்பாரா?"

நிறுத்தினார். சும்மா இருப்பதற்கெல்லாம் புதுக் கட்டளை எழுதினார்: கேட்டு வேலை இல்லை என்றால் கொஞ்சம் காத்திரு, மறுபடியும் இல்லை என்றால் இரண்டு மடங்கு காத்திரு, கிடைத்தால் அதன் வேலைக் குவியலில் பாதியை அள்ளு. ஒன்பதே வரி. அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தார். ஒன்றே முக்காலுக்கு முதலிலிருந்து ஓட்டினார்.

மூன்று மணிக்கு எழுபது. அங்கே விரிசல் இரண்டாகப் பிரிந்து, கணக்கு ஊர ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து என்ஜினியரின் போன்.

"சார், கேட்டைத் தூக்கவா, வேணாமா?"

"தெரியல சார். லைன்லயே இருங்க."

நின்றார், உட்கார்ந்தார், மறுபடி நின்றார். மூன்று ஐம்பத்தொன்றுக்கு முடிந்தது.

"ஒரு கிளை மதகு வரைக்கும் போகுது சார். தண்ணி அழுத்தத்தைக் குறைக்கணும், திறந்துடுங்க."

"சரி" என்றது முழுசாகக் காதில் விழவில்லை. அந்தப் பக்கம் தண்ணீர் திறப்பதற்கான எச்சரிக்கைச் சைரன் ஊத ஆரம்பித்திருந்தது.