பக்கத்து நாற்காலிக்காரரின் கேள்விகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மலேசியாவின் கிள்ளானில் நான் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நிலையத்தில் நடந்தது இது. சிறுநீரகம் பழுதானதால் வாரத்தில் மூன்று நாள் காலையில் அங்கே போக வேண்டும். பக்கத்து நாற்காலியில், அதே சிகிச்சைக்கு வரும் காப்பார் ஊர் லோரி ஓட்டுநர் ஒருவர். அவர் வாய் சும்மா இருக்காது. நான் கிறிஸ்தவள் என்று தெரிந்ததும் கேள்வி மேல் கேள்வி.

"ஊசி குத்துறப்ப வாய்க்குள்ள என்னமோ சொல்றீங்களே அக்கா, என்ன மந்திரம்?"

"மந்திரம்லாம் இல்ல அண்ணே. 'ஆண்டவரே, கூட இருங்க'ன்னு சொல்வேன். அவ்ளோதான்."

"சொன்னா வலிக்காதா?"

"வலிக்கும்."

"அப்புறம் எதுக்குச் சொல்றீங்க?"

"பழக்கம்தான் அண்ணே" என்று மழுப்பினேன். நம் வாழ்க்கையே மற்றவர்களுக்குச் சாட்சியாக இருக்க வேண்டும் என்று சபையில் சொல்வார்கள். நல்ல சாட்சிதான் போ என்று என்னையே நொந்துகொண்டேன். அவரோ விடவில்லை. சர்ச்சுக்குள் செருப்போடு போகிறீர்களே, சாமி கோபப்படாதா? கண்ணை மூடி அவ்வளவு நேரம் ஜெபம் செய்தால் தூக்கம் வராதா? சில நாள் எனக்குச் சிரிப்பு வரும். சில நாள் வீடு போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே போவேன்.

எனக்குச் சிறுநீரகம் தர என் தங்கை முன்வந்திருந்தாள். அது பொருந்தாது என்று ஒருநாள் மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அதையே நம்பியிருந்தேன். மறுநாள் நாற்காலியில் சாய்ந்தபோது ஜெபிக்கவே தோன்றவில்லை. ஊசி போட வந்த தாதி, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுபவர், என் கையைத் துடைக்க ஆரம்பித்தார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"இன்னிக்குச் சொல்லலையா அக்கா?"

"மனசு வரல அண்ணே." விஷயத்தைச் சொன்னேன்.

அவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நாளா எனக்கு ஊசி போடறப்ப நானும் அதத்தான் சொல்றேன். பேர மட்டும் முருகான்னு மாத்திக்கிட்டேன். வலி இருக்கு, பயம் போயிருச்சு. இன்னிக்கு உங்களுக்காக நான் சொல்லட்டா? யார்கிட்ட சொல்லணும்?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "என் ஆண்டவர்கிட்டயே சொல்லுங்க அண்ணே."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, சாலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல் சத்தமாகச் சொன்னார். "ஆண்டவரே, அக்கா கூட இருங்க லா!"

மிஸ்ஸியே சிரித்துவிட்டார். ஊசி வலிக்கத்தான் செய்தது. ஆனால் முந்தின நாளிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இளகிப்போனது.

எனக்கு இன்னும் மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கவில்லை. நான் தளர்ந்துபோன நாளில் என் விசுவாசத்தைத் தாங்கிப் பிடித்தவர், சர்ச் வாசலையே மிதித்திராத ஒரு மனிதர் என்பதை நினைக்கும்போதெல்லாம், ஆண்டவர் இன்னும் யார் யார் வாயில் எனக்கான வார்த்தையை வைத்திருக்கிறாரோ என்று அறிய ஆவலாக இருக்கிறது.