ஆட்டுக் கொழுப்பும் ரோஜா வாசனையும்

நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தியைத் தெருவில் கொழுப்புக்காரி என்பார்கள். ஆட்டுக் கொழுப்பு உருக்குவதால் வந்த பெயர், அவள் வாய்க்கும் பொருந்திவிட்டது. கறிக்கடைக்குப் பின்னால் இருக்கும் அறைதான் அவள் உலகம். கொழுப்பைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் விட்டு, சிறு தீயில் வைப்பாள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் கருகல் வாடை ஏறிவிடும், அப்புறம் எத்தனை தடவை வடிகட்டினாலும் போகாது. அதனால் மூன்று மணி நேரம் அடுப்பை விட்டு நகர மாட்டாள். வடித்து எடுத்ததில் இறுகாமல் இருக்க நல்லெண்ணெய் கலந்து புட்டியில் ஊற்றுவாள். வறண்டு வெடித்த தலைக்குத் தடவுவது அது. ஆட்டுக் கொழுப்பு, நாறும், பரவாயில்லையா என்று கேட்டுவிட்டுத்தான் யாருக்கும் கொடுப்பாள்.

இதில் என் வீட்டுக்காரர் மூக்கை நுழைத்தார். கடைவீதியில் அழகுசாதனக் கடை வைத்திருக்கிறார். நீங்கள் உருக்கிக் கொடுங்கள் அண்ணி, விற்பது என் பாடு என்று தேனொழுகப் பேசினார். கடைப்பக்கம் மட்டும் வர வேண்டாமாம், துணியில் வாடை அடிக்கிறதாம். இவர் செய்த வேலை அடித்த வாடையை எங்கே போய்ச் சொல்ல? புட்டி கடைக்கு வந்ததும் உள்ளே ரோஜா சென்ட் விழும். வெளியே 'சுத்த மூலிகைத் தைலம்' என்று லேபிள் ஏறும். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. அக்காவுக்கு எதுவும் தெரியாது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு நாள் புட்டிகளை எடுத்துப்போக ஆள் வராததால் அக்காவே சுமந்துகொண்டு வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கடையில் ஒரு டீச்சர். காய்ச்சலில் முடி கொட்டி, தலை செதில் செதிலாக உரிந்து, முதலில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தவர். முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடாத சைவம். இப்போது விரலளவு முடி வந்திருந்தது. எண்ணெயாலா, நாளானதாலா, எனக்குத் தெரியாது. செய்கிறவள் இவள்தான் என்று தெரிந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இதில் என்ன மூலிகை போடுகிறீர்கள் என்று கேட்டார்.

அக்கா அவர் கையிலிருந்த புட்டியை வாங்கி லேபிளைப் படித்தாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். என் வீட்டுக்காரர் அவளிடம் பேச வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

"மூலிகையெல்லாம் இல்லம்மா. இது ஆட்டுக் கொழுப்பு. உங்ககிட்ட பொய் சொல்லி வித்திருக்காங்க."

டீச்சரின் கை தலைக்குப் போய்ப் பாதியில் நின்றது. சொந்த முடியைத் தொடவே அவருக்கு மனம் வரவில்லை. அண்ணிக்கு வாய் சும்மா இருக்காது, குணமானால் சரிதானே என்று இந்த மனுஷன் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன்.

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. கல்லாவில் இருந்த என்னைப் பார்த்தார். மாதாமாதம் புட்டியைத் துடைத்து அவர் பையில் வைத்துக் கொடுத்தவள் நான்.

"உங்களுக்கும் தெரியுமா?"

"அவளுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று அக்கா எனக்காகப் பரிந்து பேசினாள். "தெரிஞ்சா எங்கிட்ட சொல்லியிருப்பாளே."

"தெரியும்க்கா," என்றேன். "லேபிள் ஒட்டினதே நான்தான்."