நண்டுக்குக் கேட்ட வால்

கட்டுமாவடியில் நண்டுவலை விடும் மரியசெல்வத்தின் மகள் அன்புமொழி. எனக்குப் பெரியப்பா மகள். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் நான். அவள் புள்ளியியல் படித்து முடித்தவள். மீன் கணக்கெடுப்பு ஒன்றில் வீட்டிலிருந்தபடியே வேலை, ஒரு மாதம் சோதனைக்கு. ஆர் என்ற கணினி மொழியில், கரைக்கு வரும் சரக்கின் அளவையும் விலையையும் கணக்கிட வேண்டும். வெள்ளிக்கிழமை அவளுக்கு மேலே இருக்கிற மேடம் பார்த்துச் சரி என்றால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் திருச்சியில் ஏதாவது ஜவுளிக்கடை பில் கவுண்டர்.

‘மீன்’ என்று ஒரு வகுப்பு, அதாவது கணக்கிடும் வழிகளின் தொகுப்பு, வைத்து, நண்டை அதற்குப் பிள்ளையாக்கினாள். நண்டு மீனில்லை என்று எனக்கே தெரியும். ஆனால் கணக்கெடுப்பில் கரையேறுவதெல்லாம் மீன்தான். அளவு கேட்டால் மீனுக்குத் தலையிலிருந்து வால்வரை, நண்டுக்கு ஓட்டின் அகலம். விலைக்கு மட்டும் நண்டுக்கென்று தனியாக எழுதவில்லை. அப்பனான மீனுக்கு எழுதிய வழியே போதுமென்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை நிரலை ஓட்டிப் பார்த்தால், எல்லா நண்டுக்கும் ‘தலை முதல் வால்வரை: விவரம் இல்லை’ என்று வந்து நின்றது. லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள், நெட்டைத் திட்டினாள், சாப்பிடவில்லை. நான் ஒரு நண்டுக்கு மத்திமீன் வாலைக் கட்டி கீபோர்டு மேல் வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன்.

“நண்டுக்கு எழுதுன வரியில மீனு எதுக்குக்கா முன்னாடி நிக்கிது?”

“அப்பன் பேரு முன்னாடிதானடா வரும். நான் என்ன அன்புமொழி ம.-ன்னா எழுதுறேன்?”

சொன்னவள் அப்படியே திரையைப் பார்த்தாள். பிறகு, “எந்திரிச்சு அங்கிட்டுப் போடா” என்றாள்.

அந்த வரியில் மீன், நண்டு என்று இரண்டு பெயர். ஆர் முதல் பெயரிலிருந்துதான் விசாரிக்கும். அந்தப் பெயருக்கு வழி எழுதியிருந்தால் அதோடு சரி. இல்லாவிட்டால்தான் அடுத்த பெயர். நம் ஊரில் ரேஷன் கார்டு முதல் கல்யாணப் பத்திரிகை வரை அப்பனைத் தாண்டித்தான் பிள்ளை. ஆர் மொழிக்கோ பிள்ளையை முதலில் கேட்க வேண்டும். பிள்ளையிடம் இல்லாததற்கு மட்டுமே அப்பன்.

இரண்டு பெயரையும் இடம் மாற்றினாள். ஓட்டின் அகலம் வந்தது. விலையை நண்டு, தன்னிடம் இல்லாததால், மீனிடம் போய் வாங்கிவந்தது. மறுநாள் மேடம் சரி என்றார்.

பெரியப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். “அப்படி என்னடா பண்ணுனா எம் மவ?”

“நண்டைத் தூக்கி மீனுக்கு முன்னாடி வச்சா.”

“இதுக்கா சம்பளம்?” என்றவர், ஏலக்கூடத்தில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் மகள் நண்டைத் தூக்கி மீனுக்கு முன்னாடி வைத்ததையே சொல்லிக்கொண்டு போனார்.