பை பார்த்துக்கொள்கிறவர்

இன்று திருப்போரூர் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. பிள்ளைகளை வாட்டர் தீம் பார்க்குக்கு எப்போது கூட்டிப்போவது என்று பேச்சு.

“மே மாசம் போலாம்” என்றார் கணவர்.

“வேணாம், அரையாண்டு லீவுல போலாம்.”

“மார்கழில தண்ணி ஜில்லுனு இருக்குமே. நீதான் தண்ணில எறங்கவே மாட்டியே, உனக்கு இன்னா?”

“நீங்கல்லாம் தண்ணில ஆடிக்கினு இருப்பீங்க. கரையில பையும் செருப்பும் பாத்துக்கினு வெயில்ல வேகறது நானு.”

கணவர், “அங்க லாக்கர் கீதாம். பைய உள்ள வெச்சிட்டு நீயும் வா” என்றார்.

“பொடவையோட உடமாட்டாங்க.”

“ட்ரெஸ்ஸு அவங்களே வாடகைக்குத் தராங்க.”

அந்த அம்மா யோசித்தார். இறங்கும்போது மெதுவாகக் கேட்டார்: “அதுல கை நீளமா இருக்குமா?”

கணவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போன வருஷம் எங்கள் வீட்டுப் பைகளைப் பார்த்துக்கொண்டது நான்தான்.