மாதாவுக்கு நேர்ந்த மாம்பழம்

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணி. எங்கள் காரைக்குடி வெயிலைப் பற்றி உங்களுக்குப் புதிதாக நான் சொல்ல ஒன்றுமில்லை. தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு ஃபேனுக்குக் கீழே கிடக்கிறது.

அந்த நேரத்தில், மஞ்சள் பையில் ஒரு டஜன் மாம்பழத்தைப் போட்டுக்கொண்டு, சைக்கிள் மணியைக்கூட அடிக்காமல், பங்குச் சாமியார் பங்களாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதற்கு? காலையில் மாதாவுக்குக் காணிக்கையாகக் கொடுத்த ஒரு மாம்பழத்தைத் திருப்பிக் கேட்க!

சிரிக்காதீர்கள். முழுக் கதையையும் கேளுங்கள். அப்புறம் தாராளமாகச் சிரிக்கலாம்.

எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மாமரம் நிற்கிறது. என் மகள் ரெஜினா எட்டு வயதில் ஒரு பழத்தைச் சப்பி முடித்துவிட்டு, கொட்டையை அங்கே புதைத்தாள். அதுதான் மரமாகிவிட்டது. நட்டதும் அவள், தண்ணீர் ஊற்றியதும் அவள். கோடை முற்றினால் எங்கள் கிணற்றில் வாளி தரை தட்டும். அப்போதும் அரிசி கழுவின தண்ணீர், துணி அலசின தண்ணீர் எல்லாவற்றையும் அந்த மரத்தடிக்குத்தான் சுமப்பாள்.

மரம் வளர்ந்தது. வளர்ந்தது... வளர்ந்துகொண்டே இருந்தது. காய்க்கிற எண்ணமே அதற்கு இல்லை. போன வருஷம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சருகு கூட்டிக் கூட்டியே இடுப்பு போச்சு. இதை வெட்டிட்டு அந்த இடத்துல ஒரு பாத்ரூம் கட்டுவோம்" என்றேன். (கூட்டுவது என் மனைவி. இடுப்பு போனது எனக்கு. அது வேறு விஷயம்.)

ரெஜினா எழுந்து போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை.

என் மனைவி ஆரோக்கியம் ஒரு நடுநிலைப் பள்ளியில் டீச்சர். வீட்டிலும் டீச்சர்தான். மூன்றாம் நாள் காபியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு வருஷம் பொறுங்க. 'முதல் பழம் உனக்குத்தான்'னு மாதாவுக்கு நேர்ந்துட்டேன். இனிமே மரத்துல கை வச்சா நீங்களாச்சு, மாதாவாச்சு."

மாதாவோடு எனக்கென்ன வம்பு? விட்டுவிட்டேன்.

நம்புவீர்களா... இந்த வருஷம் மரம் பூத்தது! முக்கால்வாசிப் பூ கொட்டியது. மிச்சத்தில் ஒரு நாற்பது பிஞ்சு பிடித்தது. அணில் கொஞ்சம் தின்றது. தெருப்பிள்ளைகளின் கல்லுக்குக் கொஞ்சம் போனது. காற்றில் விழுந்ததெல்லாம் எங்களுக்கு.

லீவு நாளில் சாயங்காலம் நாலு மணிக்கு நாலு பேரும் அடுப்படித் தரையில் வட்டமாக உட்கார்ந்து, அந்தப் பிஞ்சுகளை உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுக் கடித்தோமே... அடடா! பல் கூசும். கண்ணில் தண்ணீர் வரும். என் மகன் சேவியர், எட்டாவது படிக்கிறவன், "போதும், வயித்தால போகும்" என்று அம்மா தட்டை இழுக்க இழுக்கத் தின்பான். ஊட்டி, கொடைக்கானல் என்று போகிறவர்கள் போகட்டும். எங்களுக்கு அந்தச் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி போதும்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் ரெஜினா கேட்டாள். "நான் காலேஜுக்குப் போறதுக்குள்ள பழுத்துருமாப்பா? ஒரு துண்டாவது தின்னுட்டுப் போகணும்."

ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். திருச்சியில் காலேஜ், ஹாஸ்டல் என்று முடிவாகிவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாக ஒருவர் வெளியூரில் தங்கப் போகிறார்.

"பழுக்காம? கூடை கூடையாப் பழுக்கும்!" என்றேன். வாய்தானே?

மே மாசக் கடைசியில் ஒருநாள் இடியும் காற்றுமாக அடித்தது பாருங்கள்... காலையில் கொல்லையெல்லாம் காய். அண்ணாந்து பார்த்தால், மேற்குக் கிளையில் ஒன்றே ஒன்று தொங்கியது.

ஒன்று என்றால் பெருமை குறைந்துவிடுமா? யாரிடம் சொல்கிறீர்கள்? சேவியர் என் பழைய பனியனில் பை தைத்து அணிலுக்கு எட்டாமல் அதைக் கட்டினான். காலையில் காபி டம்ளரோடு நான் போய் அதன் கீழே நிற்பேன். வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் போனதில்லை. தபால்காரரை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர், "சார், இன்னும் எட்டு வீடு இருக்கு" என்று கெஞ்சினார். "மாடியிலேர்ந்து பாத்தா இன்னும் நல்லாத் தெரியும், வாங்க" என்று அவரையும் விடவில்லை. ஆபீஸில் நான் வாயைத் திறந்தாலே ஆள் கலைய ஆரம்பித்தார்கள்.

இந்தக் கூத்தில் ஒன்றை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இருப்பதே ஒரு பழம். முதல் பழம் மாதாவுக்கு. அப்படியானால் ரெஜினாவுக்கு?

அவள் கேட்கவே இல்லை. பறித்த அன்றைக்கு அவளே அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். நாலு நாள்... அரிசி எடுக்கப் பானையைத் திறக்கும்போதெல்லாம் அடுப்படி முழுக்க மணக்கும். ஆளுக்கொரு மூலையிலிருந்து மூக்கை உறிஞ்சுவோம்.

சனிக்கிழமை சாப்பிடும்போது நான் மெல்ல ஆரம்பித்தேன். "மாதா என்ன கோவிச்சுக்கவா போறாக? பாதியை அறுத்துக் கொடுத்துட்டுப் பாதியை..."

"நேர்ந்தது முழுப் பழம்" என்றாள் ஆரோக்கியம். ஆனால், சொல்லிவிட்டு மகளைப் பார்க்காமல் ரசச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா சொன்னா சொன்னதுதான்ப்பா" என்றாள் ரெஜினா. தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் பூசையில் காணிக்கை நேரத்தில், பித்தளைத் தட்டில் மல்லிகைப் பூ பரப்பி, நடுவில் அந்தப் பழத்தை வைத்து அவளே ஏந்திப் போனாள். கோயிலே பார்த்தது. என் பக்கத்தில் இருந்தவர், "உங்க மரத்துப் பழமா?" என்று காதில் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நெஞ்சு நிமிர்ந்தது நிஜம். வயிறு எரிந்ததும் நிஜம். பிள்ளை ஒன்பது வருஷம் தண்ணீர் சுமந்த மரம்... அடுத்த திங்கட்கிழமை ஊரைவிட்டுப் போகிறாள்... ஒரு துண்டுக்கு வழியில்லையா?

சாப்பாடு இறங்கவில்லை. சேவியர் விளையாடப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். ஆரோக்கியமும் குடையை எடுத்துக்கொண்டு, "கூட வேலை பாக்குற டீச்சருக்கு மேலுக்கு முடியலையாம், பாத்துட்டு வாரேன்" என்று போய்விட்டாள். நல்லதாகப் போயிற்று என்று நானும் சைக்கிளை எடுத்தேன். கடையில் இருந்ததிலேயே பெரிய பழமாகப் பொறுக்கி ஒரு டஜன் வாங்கினேன். அதைத்தான் முதலிலேயே சொன்னேனே.

பங்குச் சாமியார் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். ஆஜானுபாகுவான ஆள். ஈசிச்சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, உக்காருங்க. பையில என்ன, மாம்பழமா?"

"எப்படி ஃபாதர் கண்டுபிடிச்சீக?"

"பழக்கமாயிருச்சு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மழை எப்போது வரும், பாடற்குழுவில் ஆள் குறைகிறது என்று ஊரைச் சுற்றிவிட்டு விஷயத்துக்கு வந்தேன். "காலையில நாங்க கொடுத்த பழம் சின்னது ஃபாதர். கொட்டையில முளைச்ச மரம், ருசி எப்படியோ... மாதாவுக்குப் போயி அதைக் கொடுத்தோமேன்னு மனசு கேக்கல. இது முதல் தரம். ஒரு டஜன் இருக்கு. இதை வச்சுக்கிட்டு அதை..."

ஊரெல்லாம் புகழ்ந்த பழத்தை என் வாயாலேயே மட்டம் தட்டும்படி ஆகிவிட்டது!

அவர் மேஜை மேல் விரித்திருந்த துண்டை எடுத்தார். கீழே ஒரு டஜன் மாம்பழம். அசல் முதல் தரம்.

"முக்கால் மணி நேரத்துக்கு முன்னாடி உங்க வீட்டம்மா கொண்டுவந்தாக. அவுகளும் இதையேதான் சொன்னாக. 'சின்னப் பழம் ஃபாதர், மனசு கேக்கல.'"

ஆரோக்கியமா! 'நேர்ந்தது முழுப் பழம்' என்ற ஆரோக்கியமா?

"அதுக்கும் முன்னாடி உங்க மகன் வந்தான். 'ஃபாதர், உங்களுக்குச் சுகர் இருக்கு. மாம்பழம் ஆகாது. நான் வேணும்னா எடுத்துட்டுப் போயிறவா?'ன்னு கேட்டான். என் உடம்பு மேல அம்புட்டு அக்கறை அவனுக்கு."

எங்கே முகத்தை வைத்துக்கொள்வது? கூரையைப் பார்த்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப... அந்தப் பழம், ஃபாதர்?"

"அது ஏது இப்ப? பூசை முடிஞ்ச கையோட உங்க மக வந்துச்சு. 'ஃபாதர், அந்தப் பழத்தை இப்பவே போர்டிங் பிள்ளைகளுக்கு அறுத்துக் கொடுத்துருவோம்'னுச்சு. லீவுக்குப் போக வீடு வாசல் இல்லாத பிள்ளைக அஞ்சு பேரு இங்க இருக்காகல்ல? 'என்னம்மா அவசரம், சாயங்காலம் பாத்துக்கலாம்'னேன். 'வச்சிருந்தீகன்னா எங்க வீட்டுலேர்ந்து ஒவ்வொருத்தரா வந்து திருப்பிக் கேப்பாக, ஃபாதர். எங்க அப்பா கட்டாயம் வருவாக. நீங்களும் மனசு எறங்கிக் கொடுத்துருவீக. எங்க அம்மா மாதாவுக்கு வார்த்தை கொடுத்திருக்காக. என்னால அது தவறிப்போச்சுன்னு ஆகக் கூடாது'ன்னு சொல்லிட்டு, அதுவே கத்தியை வாங்கி அஞ்சு துண்டா அறுத்துச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களிடம் ஒளிப்பானேன்? வெட்கமாக இருந்தது. அதைவிட நூறு பங்கு பெருமையாக இருந்தது. கோடை பூராவும் ஒரு காயைக் காட்டி ஊரைக் கூட்டினேன். அதே வீட்டில் இப்படி ஒரு பிள்ளை வளர்ந்து நிற்பது எனக்குத் தெரியவே இல்லையே!

"பையை எடுத்துட்டுப் போறீகளா?" என்றார் ஃபாதர். குரலில் குறும்பு.

"ஐயையோ, வச்சுக்குங்க ஃபாதர்." போர்டிங் பிள்ளைகளுக்கு அந்த வாரம் முழுக்க மாம்பழம்தான்.

வீட்டுக்கு வந்தால், ஆரோக்கியம் ரொம்பத் தீவிரமாக டீ போட்டுக்கொண்டிருந்தாள். சேவியர் லீவு நாளில் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தான். அதுவே போதாதா? ரெஜினா மட்டும் பெட்டியில் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல எங்குட்டுப்பா போனீக?"

"சும்மா... காத்தாட."

"எத்தனை பழம் கொண்டு போனீக?"

டீ வடிகட்டும் சத்தம் நின்றது. சேவியர் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்தான்.

"ஒரு டஜன்" என்றேன்.

"நானும் ஒரு டஜன்" என்றாள் ஆரோக்கியம், அடுப்படியிலிருந்து. சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். மகளைக் கட்டிக்கொண்டு, "எனக்குப் புத்தி சொல்ற அளவுக்கு வளர்ந்துட்டியாடி நீ?" என்றாள். நாங்கள் நாலு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்கள்.

பிள்ளைகளைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களோ நம்மை மனப்பாடமே பண்ணி வைத்திருக்கிறார்கள்!

எனக்கு ஒன்று மட்டும் தாங்கவில்லை. "அறுத்தவ நீ. ஒரு துண்டு வாயில வச்சியா?"

"துண்டு வைக்கலப்பா." உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். "அறுக்கும்போது கையில சாறு வழிஞ்சுச்சு. அதை நக்கிட்டேன். அது காணிக்கையில சேராதுல்ல?"

டீச்சரம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். டீச்சரம்மா நெடுநேரம் யோசித்து, "சேராது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

"எப்படி இருந்துச்சு?" இது சேவியர்.

"நம்ம மரம்டா! எப்படி இருக்கும்?" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே... அந்தப் பெருமை அப்படியே நான்தான்.

போன திங்கட்கிழமை குடும்பத்தோடு திருச்சி போய் அவளை ஹாஸ்டலில் விட்டோம். வாசலில் நிறைய அப்பாக்கள். ஒவ்வொருவரும் அவரவர் பெண்ணை ஒதுக்குப்புறமாக நிறுத்திப் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொன்ன சொல் தவறக் கூடாது, ஆசையை அடக்கப் பழகணும், அடுத்தவருக்குக் கொடுத்துச் சாப்பிடணும்... நானும் வைத்திருந்தேன். பஸ் திருமயம் தாண்டியதிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

பெட்டியை அவள் கையில் கொடுத்தேன். வாயைத் திறந்தேன்.

"ஜன்னல் பக்கத்துக் கட்டிலாப் பாத்துப் பிடிச்சுக்கம்மா. காத்து வரும்" என்றேன்.